கயிறு பிடிக்கத் தெரியாத கடிகாரம்

சென்னையிலிருந்து ஒருவர் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். திரேஸ்புரத்துச் சந்துக்குள் அவருடைய கார் நுழையவில்லை. வலை காயப்போட்டிருந்த இடத்தில் அதை நிறுத்திவிட்டு, மீன் தண்ணீர் காலில் படாமல் தாண்டித் தாண்டி நடந்து வந்தார். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களை வாங்கிச் சேர்ப்பது அவருக்குப் பொழுதுபோக்காம். பஜாரில் வாட்ச் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி மூலம் விவரம் தெரிந்து, செத்துப்போன என் வீட்டுக்காரரின் கடிகாரத்தை விலைக்குக் கேட்டு வந்திருந்தார்.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பச்சைப் பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினார். கடிகார முகப்பைச் சுற்றியிருக்கும் வளையத்தில் உள்ள கீறல்களை விரலால் தடவிப் பார்த்தார்.

"இதைப் பாலிஷ் போட்டுராதீங்கம்மா. இந்தக் கீறல்தான் முக்கியம். ஆழ்கடல் வாட்ச்சுன்னு வாங்குறவங்க யாரும் இதோட கடல்ல இறங்குறது கிடையாது. நிஜமா இறங்கின வாட்ச் கிடைக்கிறது அபூர்வம்."

"இறங்குன ஆளு இல்லையே இப்ப," என்றேன்.

"கேள்விப்பட்டேன். ஸாரிம்மா." கடிகாரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு, "இதோட கதையை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தீங்கன்னா மதிப்பு இன்னும் கூடும்," என்றார்.

கடிகாரத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன். "காரு அங்கன வெயில்ல நிக்கி. போயிட்டு வாங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

கதைதானே கேட்டார். எழுதுகிறேன். கடிகாரம் அவருக்குக் கிடையாது.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். முத்தெல்லாம் எங்கள் மாமனார் காலத்திலேயே பேச்சாகிப் போய்விட்டது. இப்போது கடலடியில் கிடைப்பது சங்குதான். படகில் ஒரு கம்ப்ரசர் இருக்கும். அதிலிருந்து நீளமான டியூப் போகும். அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டியும் கயிறும் கட்டிக்கொண்டு அடிவரைக்கும் இறங்குவார்கள். கயிற்றின் மறுமுனை படகில் ஒருவன் கையில் இருக்கும். கீழே இருப்பவர் ஒரு இழுப்பு இழுத்தால் ஒரு செய்தி, தொடர்ந்து இழுத்தால் ஆபத்து. மேலே இருப்பவன் இழுத்தால் ஒரே அர்த்தம்தான்: ஏறி வா.

அந்தக் கயிற்றை யார் பிடிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பெண்டாட்டியுடன் பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி பிடித்தால் சொத்தை நினைப்பான், கூலிக்காரன் பிடித்தால் சாப்பாட்டு நேரத்தை நினைப்பான், மச்சினன் பிடித்தால் அக்கா கழுத்துத் தாலியை நினைப்பான் என்று கணக்கு. எனக்குக் கல்யாணம் பேச வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் நகையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், பெண்ணுக்குத் தம்பி இருக்கிறானா, கடலுக்கு வருவானா என்றுதான் கேட்டார்கள். என் தம்பி சுவரில் சாய்ந்து நின்று, "நான்தான் வருவேன். நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே அவருக்கும் தம்பிக்கும்தான் கல்யாணம் நடந்தது என்று நான் பலமுறை சொல்லிச் சண்டை போட்டிருக்கிறேன்.

தம்பி கயிறு பிடித்த காலத்தில் அவர் தினமும் அவனைத் திட்டிக்கொண்டுதான் கரைக்கு வருவார்.

"ஏளா, ஒன் தம்பிய என்னன்னு கேளு. சங்கு அள்ள அள்ளக் கெடக்கு. மேல இழுத்துப் போட்டுட்டான். நான் என்ன, தூண்டில்ல மாட்டுன மீனா?"

"மூஞ்சி வெளுத்துப்போய் வந்தீரு மச்சான். பேசுறப்ப நாக்கு கொழறிச்சு," என்பான் தம்பி.

"நாக்கு கொழறல. ஒன்னத் திட்டுனேம்ல, அதுல ஒனக்குப் புரியல."

தம்பி எதையும் எழுதி வைப்பவன் இல்லை. அவனிடம் ஒரு லேஞ்சி இருந்தது. நீலக்கட்டம் போட்ட கைக்குட்டை. அவர் ஒருமுறை இறங்கி ஏறினால் அதன் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போடுவான். ஆழமான பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, போன நாளில் முடிச்சைப் பெரிதாகப் போடுவான். அவர் வாந்தி எடுத்தாலோ, முழங்கை வலிக்கிறது என்றாலோ சும்மாவே இன்னொரு முடிச்சு விழும். லேஞ்சியில் முடிச்சுப் போட இடம் தீர்ந்துவிட்டால் அன்றைக்குக் குளிப்பு முடிந்தது. கடல் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கம்ப்ரசரை அணைத்துவிடுவான். வீட்டுக்கு வந்து குசினி வாசலில் உட்கார்ந்து எல்லா முடிச்சையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிடுவான். என் வீட்டுக்காரர் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் சங்கு கொண்டுவருவார். ஆனால் ஓடியாடித் திரிந்தார்.

பிறகு தம்பி வளைகுடாவுக்குப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுக்கும் குடும்பம் வந்துவிட்டது, கயிறு பிடிக்கிறவனுக்குப் பங்கு குறைவு. அங்கே ஒரு பெரிய பணக்காரரின் உல்லாசப் படகில் வேலை. படகைத் துடைப்பது, விருந்தாளிகளுக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பது, நங்கூரம் போடுவது. போகிற அன்றைக்கு லேஞ்சியை அவர் கையில் கொடுத்து, "வேற யாரயாவது பிடிக்கச் சொன்னா இதயும் குடுத்துச் சொல்லிக் குடுங்க மச்சான்," என்றான். அவர் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகையை மறைக்கத்தான் துடைத்தார், எனக்குத் தெரியும்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது தம்பி அந்தக் கடிகாரத்தைக் கொண்டுவந்தான். படகு முதலாளி கொடுத்ததாம். அவரிடம் அது மாதிரி ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, புதிதாக ஒன்று வந்ததும் பழையதை இவனிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

"அவரு இதப் போட்டுக்கிட்டு முங்குவாராலே?" என்று இவர் கேட்டார்.

"எங்க மச்சான். குளிக்கப் போறப்ப கழத்தி டப்பாக்குள்ள வச்சிருவாரு. டப்பாவ நான்தான் பிடிச்சிட்டு நிப்பேன்."

அதைக் கேட்டு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்புறம் தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை அவர் மணிக்கட்டில் தானே மாட்டிவிட்டான். "இந்த வளையத்தப் பாருங்க. எறங்கும்போது இந்தப் புள்ளியப் பெரிய முள்ளுக்கு நேரா திருப்பி வச்சிக்கிடணும். முள்ளு எவ்வளவு நகந்திருக்கோ அவ்வளவு நேரம் கீழ இருக்கீரு. வளையம் ஒரு பக்கந்தான் திரும்பும். பாறையில இடிச்சுத் திரும்பிட்டாலும் கூடுதல் நேரந்தான் காட்டும், கொறச்சுக் காட்டாது. கயிறு பிடிக்க நான் இல்ல. இது இருக்கும்."

கயிறு பிடிக்க இது இருக்கும் என்று அவன் சொன்னான். இவரும் நம்பினார். நானும் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன், எனக்கும் அது நல்ல பேச்சாகத்தான் பட்டது.

அந்தக் கடிகாரம் அழகானது. இதை ஒத்துக்கொள்ளாமல் எழுதினால் பொய் எழுதியதாகிவிடும். கையில் எடுத்தால் ஈயக்கட்டி மாதிரிக் கனக்கும். கண்ணாடியில் ஒரு கீறல் விழாது. வளையத்தைத் திருப்பும்போது பல் பல்லாக நகரும், அந்தச் சத்தமே நன்றாக இருக்கும். பேட்டரி கிடையாது, சாவி கொடுக்க வேண்டாம், கை அசைகிற அசைவிலேயே ஓடும். பட்டையைத் தளர்த்தி முழுக்கைச் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொள்ளலாம். சொறி மீன் கடிக்குப் பயந்து முழுக்கைச் சட்டையோடு இறங்குகிற எங்கள் ஆட்களுக்காகவே செய்தது போல இருக்கும். செய்தவன் கடலை நினைத்துத்தான் செய்திருக்கிறான். வாங்குகிறவன்தான் கடலை நினைப்பதில்லை.

அது அசல் என்று கரையில் முதலில் யாரும் நம்பவில்லை.

"ரதவீதி பிளாட்பாரத்துல வாங்குனியாலே?"

"முன்னூறு மீட்டருன்னு போட்டிருக்கு. நீ அவ்வளவு ஆழம் போனா வாட்ச்சு மட்டுந்தான் திரும்பி வரும்."

அவர் ரோஷப்பட்டு வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றிக் குடிதண்ணீர்க் குடத்துக்குள் போட்டுவிட்டார். நான் வேலை முடிந்து வந்து தண்ணீர் மொள்ளப் போனால் அடியில் பச்சையாக ஏதோ மின்னுகிறது. பயந்து செம்பைக் கீழே போட்டேன்.

"குடிக்கிற தண்ணியில எதப் போட்டு வச்சிருக்கீங்க?"

"சோதிக்கேன் ஏளா. காலையில இருந்து கெடக்கு. ஒரு சொட்டு உள்ள போகல."

"ஒங்க புத்திக்குள்ளயும் ஒரு சொட்டு போகல."

அதன் பிறகு வெளிச்சம் இல்லாத இடத்துக்கெல்லாம் போய் நின்று அதைப் பார்ப்பார். முள்ளும் புள்ளிகளும் இருட்டில் பச்சையாக ஒளிரும். கரண்ட் போனால் அவருக்குச் சந்தோஷம். கச்சான் என்கிற மேல்காற்றில் கடலடி கலங்கிக் கிடக்கும்போது கையை நீட்டினால் விரல் தெரியாது, ஆனால் அந்தப் பச்சைப் புள்ளிகள் தெரியும் என்றார். "கீழ தனியா இருக்க மாதிரி இல்ல ஏளா. மாப்ள பக்கத்துல இருக்க மாதிரி இருக்கு," என்றார். அதைத் தினமும் துடைப்பதற்கு ஒரு துணி வைத்திருந்தார். தம்பி கொடுத்துவிட்டுப் போன நீலக்கட்ட லேஞ்சிதான் அது. அதில் ஒரு முடிச்சும் இல்லை.

கயிற்றைக் கம்ப்ரசர் பார்க்கிற கூலி ஆள் பிடித்தான். பிடித்தான் என்று சொல்வதுகூடத் தப்பு. படகுக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு டீசலைப் பார்க்கப் போவான். லேஞ்சி முடிச்சைப் பற்றி அவனிடம் சொன்னீர்களா என்று நான் கேட்டேன். "அது எதுக்கு, இதுதான் இருக்கே," என்று மணிக்கட்டைக் காட்டினார்.

கடிகாரம் சொன்னபடியே அவர் நடந்தார். குறித்த நேரத்துக்கு ஏறி வருவார். டீ குடிப்பார். வளையத்தை மறுபடி திருப்பிப் புள்ளியை முள்ளுக்கு நேராக வைப்பார். இறங்குவார். ஏறுவார். மறுபடி திருப்புவார். முன்பைவிட அதிகமாகச் சங்கு வந்தது. கூலி ஆளுக்கும் சந்தோஷம். மற்ற படகில் இருந்தவர்கள் கடிகாரத்தைக் கேலி செய்வதை நிறுத்தினார்கள்.

அந்த நாளும் அப்படித்தான் போயிருக்கிறது. கடைசியாக ஏறி வந்தவர் தோள்பட்டை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறார். பிறகு கால் கூசுகிறது என்றிருக்கிறார். அப்படி வந்தால் மறுபடி தண்ணீருக்குள் இறக்கிக் கொஞ்ச நேரம் பிடித்துவைப்பது எங்கள் ஆட்கள் வழக்கம், சிலருக்குச் சரியாகியும் இருக்கிறது. இவரையும் இறக்கினார்கள். ஏற்றியபோது கால்களே தன்னுடையவை இல்லை என்றார். கரையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "ஒரு நிமிசம்கூடக் கூடுதலா இருக்கல ஏளா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்," என்றார். வழி முழுக்க அதையேதான் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் வந்து பார்த்த டாக்டரின் கையில் அதே மாதிரி ஒரு கடிகாரம் இருந்தது. அவர் கண் முதலில் இவர் மணிக்கட்டுக்குத்தான் போனது. "இது ஒரிஜினலா?" என்றார்.

"காலப் பாருங்க சார். கடியாரம் நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அதன் பிறகு அவர் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார். என்னை உட்காரவைத்து விளக்கினார். தன் கடிகாரத்தைக் கழற்றி என் முன்னால் வைத்து வளையத்தைத் திருப்பிக் காட்டினார். "இது ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும்மா. உடம்பு அப்படி ஆரம்பிக்காது. முதல் தடவை கீழ போனப்ப உடம்புக்குள்ள ஏறின காத்து வெளியேறி முடியுறதுக்குள்ள அடுத்த தடவை போயிருக்கார். அது மேல இன்னும் ஏறும். அப்படியே நாள் முழுக்கச் சேரும். முதுகுத்தண்டுல போய் அடைச்சிருச்சு."

சேரும் என்று அவர் சொன்னபோது எனக்கு லேஞ்சி ஞாபகம் வந்தது. முடிச்சு மேல் முடிச்சாகச் சேர்ந்து, இடம் தீர்ந்து, கம்ப்ரசர் அணைவது ஞாபகம் வந்தது. எழுந்து போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். எல்லா முறையும் இறங்கியதைச் சேர்த்துக் கணக்குப் போடுகிற கருவி இருக்கிறதாம், கறுப்புப் பிளாஸ்டிக்கில், கையில் கட்டிக்கொள்வது. இப்போது கடலில் இறங்குகிறவர்கள் அதைத்தான் நம்புகிறார்களாம். இந்தக் கடிகாரத்தின் விலையில் எங்கள் கரையில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று வாங்கிவிடலாம் என்றார். "அப்ப இது எதுக்கு சார்?" என்று கேட்டேன். அவர் தன் கடிகாரத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "அழகுக்குத்தான்மா," என்றார்.

இதைத் தம்பியிடம் போனில் சொன்னேன். விருந்தாளிகளைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போகிற ஆள் அந்தப் படகில் ஒருவன் இருக்கிறான், அவன் கையில் கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒன்று கட்டியிருப்பான் என்றான். "நான் தெனமும் பாத்திருக்கேன்க்கா. பாவம், நல்ல வாட்ச் வாங்க வழியில்ல போலன்னு நெனச்சேன்."

போனை வைத்துவிட்டேன்.

அவர் கால்கள் திரும்பி வரவில்லை. பல ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கொண்டுவந்தோம். வீட்டில் கட்டிலில் கிடந்தார். நான் இறால் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் அவரைப் புரட்டிவிட்டு, துடைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் சாய்த்து வைத்துவிட்டுப் போவேன். கடிகாரத்தை மட்டும் அவர் கழற்றவே இல்லை. அசையாவிட்டால் அது நின்றுவிடும். ஆகவே கட்டிலில் கிடந்தபடி கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். பார்க்க வருகிறவர்கள் கைக்கும் ஏதோ வியாதி என்று நினைத்தார்கள். ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அதைக் கழற்றி எறியுங்கள், அதனால்தானே இந்தக் கதி என்று கத்தினேன்.

"இது என்ன செஞ்சுது. கேட்டதுக்குச் சரியாச் சொல்லிச்சு," என்றார். "மாப்ள மாட்டிவிட்டது. அவன் வந்து கழத்தட்டும்."

தம்பி வரவில்லை. விடுமுறை வந்தது, வரவில்லை. அடுத்ததும் வந்தது, வரவில்லை. பணம் அனுப்பினான், மருந்து அனுப்பினான். இவர் போனைக் காதில் வைத்து, "ஏலே மாப்ள, எப்ப வார?" என்பார். அவன் ஏதாவது சொல்லுவான். வைத்ததும், "அடுத்த மாசம் வாரேங்கான்," என்று என்னிடம் சொல்லுவார். அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். இந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் அங்கேயே கிடந்தான். கோழைப்பயல் என்று நான் வாய்விட்டே திட்டியிருக்கிறேன்.

படுக்கைப் புண் வந்தது. காய்ச்சல் வந்தது. ஒரு மத்தியானம், ஜன்னலில் கடல் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையை ஆட்டத் தெம்பில்லை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து ஆட்டிவிட்டேன். முள் நகர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"என்னைய எறக்கும்போது மாப்ளதான் கயிறு பிடிக்கணும். கூலி ஆளு வேண்டாம்."

அதற்கு மறுநாள் போய்விட்டார்.

உறவுக்காரர்கள் எல்லாம் அன்றைக்குச் சாயங்காலமே அடக்கம் செய்துவிடலாம் என்றார்கள். மாதா கோயில் சாமியாரிடமும் பேசிவிட்டார்கள். தம்பிக்குச் சொல்லியாகிவிட்டது, அவன் வருகிறானா இல்லையா என்று தெரியவில்லை.

"அவன் இவ்வளவு நாளா வராதவன், இப்பவா வரப் போறான்?" என்றார் அவருடைய அண்ணன்.

"அவன் வார வரைக்கும் இருக்கட்டும். பெட்டிய எடுக்க விட மாட்டேன்," என்றேன்.

"கயிறு நாங்க பிடிக்கோம். கூடப் பெறந்தவன் பிடிக்கக் கூடாதா?"

"ஒங்களுக்கு வழக்கம் தெரியாதா? அவரு உசுரோட இருந்தப்ப யாரு பிடிச்சா?"

அவர் முணுமுணுத்துக்கொண்டு வெளியே போனார். ஐஸ் பெட்டி வாடகைக்கு வந்தது. நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள், விலை உயர்ந்த பொருள் என்றார்கள். தொட்டால் கையை ஒடிப்பேன் என்றேன். கண்ணாடி மூடிக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஆட்டிவிட்டதில் ஓடிய ஓட்டம் அது. அவர் நின்ற பிறகும் அது நிற்கவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடக் கொடுமை ஒரு மனுஷிக்கு இல்லை.

மறுநாள் காலை தம்பி வந்தான். விமானத்திலிருந்து இறங்கிய பையோடு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. முடியெல்லாம் நரைத்திருந்தது. திட்டுவதற்கு எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். அந்தத் தலையைப் பார்த்ததும் எழுந்து ஐஸ் பெட்டிப் பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டேன்.

"ஒன் மச்சானுக்கு அத நீதான் மாட்டிவிட்ட. நீயே வந்து கழத்து," என்றேன்.

வந்தான். மூடியைத் திறந்தார்கள். கடிகாரத்தைக் கழற்றினான். அது இருந்த இடத்தில் தோல் மட்டும் வெளுத்து, வளையம் போல இருந்தது. அவன் அந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டு நின்றான். நான் நீலக்கட்ட லேஞ்சியை எடுத்துவந்து கொடுத்தேன். அதை அந்த மணிக்கட்டில் சுற்றினான். ஒரு முடிச்சுப் போட்டான்.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். பெட்டிக்கு அடியில் கயிறு கொடுத்து இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றார்கள். தலைமாட்டுக் கயிறு தம்பி கையில். மற்றவர்கள் சீக்கிரம் விட்டார்கள். அவன் கையில் மட்டும் கயிறு மெதுவாகப் போனது. பழகிய கை. பெட்டி அடியைத் தொட்டது. மற்றவர்கள் கயிற்றை உருவிக்கொண்டார்கள்.

தம்பி உருவவில்லை. உள்ளங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி, கயிற்றைத் தளர்வில்லாமல் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து நின்றான். படகில் அப்படித்தான் நிற்பான். கீழே இருந்து ஒரு இழுப்பு வருகிறதா என்று கைக்குக் காது கொடுத்து நிற்பான்.

"ஏய், விடுப்பா. மண்ணு போடணும்," என்றார் அவருடைய அண்ணன்.

அவன் விடவில்லை. சாமியார் என்னைப் பார்த்தார். நான் போய் அவன் பக்கத்தில் நின்று, அவன் கையோடு சேர்த்து அந்தக் கயிற்றைப் பிடித்தேன். கீழே இருந்து எதுவும் வரவில்லை.

"போதும்லே," என்றேன்.